தாடை வலியும் ஒற்றைத் தலைவலியும்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்டு வரும் பெண்களிடம், பல்லைச் சோதித்த பிறகு, நாங்கள் தலைவலியைப் பற்றியும் கேட்கிறோம். சொத்தையோ ஈறு வீக்கமோ இல்லாமல் கன்னமும் காதோரமும் வலித்தால், அவ்வலி மெல்லும் தசைகளிலிருந்து வருவதாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உடைய பெண்களிடம் இத்தசை வலி அடிக்கடி காணப்படுகிறது. பல்லைப் பிடுங்குவதால் இது தீராது.

இரண்டையும் இணைப்பது முக்கிளை நரம்பு. நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை ஆகியவற்றின் உணர்வையும், மூளையைச் சூழ்ந்த உறையின் வலியையும் சுமந்து செல்வது அதுவே. இச்செய்திகள் மூளைத்தண்டில் ஒரே பகுதியில் வந்து சேர்கின்றன. எனவே, உறக்கத்தில் பற்களைக் கடிப்பதால் இறுகிய தசை தலைவலியைத் தூண்டக்கூடும். தலைவலி நாட்களில் தாடையும் நெற்றிப்பொட்டும் தொட்டாலே நோகவும் கூடும். எது முந்தியது என்று பிரித்தறிவது மருத்துவருக்கும் சில வேளை கடினமே. ஆதலால் இரண்டிற்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்கிறோம்.

ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு மிகுதி. மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் குறைவது ஒரு காரணம். மரக்காணம் உப்பளங்களில் உழைப்போருக்கு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன: வெள்ளை உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் வெயில், வியர்வையால் உடலின் நீர் வற்றுதல், காலை உணவின்றி வேலைக்குச் செல்லுதல். ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. ஆயினும், தலைவலிக்கு அதுவும் வழிவகுக்கிறது.

உதடுகள் மூடியிருக்க, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் தொடாமல் இருப்பதே தாடையின் ஓய்வு நிலை. வேலையின் நடுவே இதை நினைவிற்கொள்ளுங்கள். வலி நாட்களில் முறுக்கு, வெற்றிலை பாக்கைத் தவிர்த்து, கன்னத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள். தலைவலி வந்த நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் நாட்காட்டியில் குறித்து எடுத்து வாருங்கள். எங்களுக்கு அது பெரிதும் உதவும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மாதத்தில் 10, 15 நாட்கள் என விழுங்கி வந்தால், நாளடைவில் மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி தோன்றி, மெல்லும்போது தாடையும் வலித்தால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அது இரத்தக்குழாய் அழற்சியாயின் பார்வையே பறிபோகலாம். தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, குளிர்ந்த வியர்வையோ இருந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.