தேற்றரவு என்னும் சொல்

இழவுற்றார்க்குக் கிறித்தவ நம்பிக்கை அளிக்கும் ஆறுதலின் இயல்பைத் தமிழ் விவிலியத்தின் சொல்லாட்சியே புலப்படுத்தும். கிரேக்க மூலத்தில் ஓரடியிற் பிறந்த சொற்களை, 1871 இல் முழுமையுற்ற பவர் மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்பு வெவ்வேறாகப் பெயர்த்துள்ளது. மலைப்பொழிவில் துயருறுவோர் பெறுவது ஆறுதல். யோவான் நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் வாக்களிக்கப்படுபவரோ 'தேற்றரவாளன்'. இறந்தார் பொருட்டு வருந்திய தெசலோனிக்கரை, ஒருவரையொருவர் 'தேற்றுங்கள்' என்கிறார் பவுல்.

ஆறுதல் வெம்மை தணிதல். அது நாளடைவில் தானே நிகழ்தலும் உண்டு. தேறுதலோ தெளிதல். கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வித்துக்குத் தேற்றாங்கொட்டை எனப் பெயர் வழங்குதல் காண்க. ஏகாரத்தின் பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறும் தேற்றமும் தெளிவு பற்றியதே. ஆகவே பவுல் வேண்டுவது அழுகையை அடக்குதல் அன்று (இலாசருவின் கல்லறைக்குச் செல்கையில் இயேசுவே கண்ணீர் விட்டார்). மாண்டார் எழுவர் என்னும் துணிவை ஒருவர்க்கொருவர் ஊட்டுதலாம். அத்துணிவு வாராதார்க்கு இச்சொல் எத்துணைப் பயன்படும் என்பது வேறு வினா.

மூலச்சொல்லுக்கு 'அருகே அழைக்கப்பட்டவர்' என்பதே நேர்பொருள். 'தேற்றரவாளன்' என்பதில் அந்த அண்மைப் பொருள் மறைந்துவிட்டது. யோவானின் முதல் திருமுகத்தில் அதே சொல் 'பரிந்து பேசுகிறவர்' எனப் பெயர்க்கப்பட்டிருத்தலின், மொழிபெயர்த்தோர் அவ்விழப்பை உணர்ந்தே இருந்தனர் எனக் கருதுகிறோம்.