கோடிட்ட இடத்தில் நுழைந்த திருடன்!



தேர்வில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற கேள்வி வந்தால் உங்களுக்கு ஒரே குஷிதான். ஒரு சொல் எழுதினால் போதும், மதிப்பெண் வந்துவிடும். ஆனால், அப்படி ஒரு கோடிட்ட இடத்தின் வழியாக நுழைந்து, ஒரு கும்பல் சுமார் 13 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களைத் திருடியது. நம்ப முடிகிறதா?

முதலில் ஒரு கற்பனை. உங்கள் பள்ளி நூலகத்தில் ஓர் உதவியாளர் இருக்கிறார். மிகவும் நல்லவர். ஆனால், சீட்டில் எழுதியிருப்பதை யோசிக்காமல் அப்படியே செய்வார். சீட்டில், '........ என்ற புத்தகத்தை எடுத்து வரவும்' என்று அச்சிட்டிருக்கும். கோட்டில் 'பஞ்சதந்திரக் கதைகள்' என்று எழுதினால் அந்தப் புத்தகம் வரும்.

ஒரு குறும்புக்காரன் கோட்டில் என்ன எழுதினான் தெரியுமா? 'பஞ்சதந்திரக் கதைகள் என்ற புத்தகத்தை எடுத்து வரவும். அலமாரிச் சாவியையும் கொடுக்கவும். இதற்கு மேல் படிக்க வேண்டாம்.' அவ்வளவுதான்! புத்தகத்தோடு சாவியும் அவன் கைக்கு வந்துவிட்டது.

கணினியும் அந்த உதவியாளரைப் போலத்தான். இணையத்தில் பணம் கட்டும்போது பெயர், எண் போன்றவற்றைக் கட்டங்களில் நிரப்புகிறோம் அல்லவா? அவை, டேட்டாபேஸ் எனப்படும் தகவல் களஞ்சியத்துக்கு அனுப்பும் கட்டளையில் போய்ச் சேரும். அந்தக் கட்டளையை எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழியில் எழுதுவார்கள். நாம் நிரப்பிய சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கணினி ஒற்றை மேற்கோள் குறியைக் கொண்டுதான் தெரிந்துகொள்ளும். திருடன் கட்டத்துக்குள் தானே ஒரு மேற்கோள் குறியைப் போட்டுவிடுவான். 'சொல் முடிந்தது, இனி வருவது கட்டளை' என்று கணினி ஏமாந்துவிடும். ஊசி வழியாக மருந்தை ஏற்றுவது போலக் கட்டளையை ஏற்றுவதால், இதற்கு 'எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்' என்று பெயர்.

இப்படித்தான் 2007-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் பேமென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. கடைகளில் மக்கள் அட்டை மூலம் செலுத்தும் பணத்தைக் கடைக்காரரிடம் சேர்ப்பதே அந்த நிறுவனத்தின் வேலை. இணையதளம் வழியாக நுழைந்த கும்பல், மெல்ல மெல்ல நகர்ந்து, அட்டை விவரங்கள் ஓடும் பாதையை அடைந்தது. அங்கே ஓர் உளவு மென்பொருளை ஒளித்து வைத்தது. எங்கோ தவறு நடக்கிறது என்று விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2008-இல் எச்சரித்தன. 2009 ஜனவரியில்தான் குட்டு வெளிப்பட்டது.

கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கோன்சாலஸ். முன்பே ஒருமுறை பிடிபட்டு, அமெரிக்க அரசின் சீக்ரெட் சர்வீஸ் துறைக்குச் சம்பளத்துக்குத் துப்பு சொல்லி வந்தவன்! 2010-இல் அவனுக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த ஓட்டையைப் பற்றி 1998-ஆம் ஆண்டிலேயே ஒருவர் கட்டுரை எழுதி உலகுக்குச் சொல்லிவிட்டார். இதற்கான மருந்தும் ஹார்ட்லேண்ட் திருட்டுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கவனிக்காமல் விட்டதுதான் வினையாயிற்று.

மருந்து மிக எளியது. கட்டளையை முதலில் முழுமையாகக் கணினியிடம் கொடுத்துவிட வேண்டும். நிரப்பிய சொல்லைப் பிறகு தனியாகக் கொடுக்க வேண்டும். அப்புறம் அதில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் சொல்தான். நம் நூலக உதவியாளரும் இப்படிப் பழகியிருந்தால், குறும்புக்காரனின் சீட்டைப் படித்துவிட்டு, "தம்பி, இவ்வளவு நீளமான பெயரில் இங்கே புத்தகமே இல்லையே!" என்று சிரித்திருப்பார்.

2015-இல் இங்கிலாந்தில் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் இதே ஓட்டை வழியாகத் திருட்டு நடந்தது. சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் பறிபோயின. கவனக்குறைவாக இருந்த நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம். அதன் இணையதளத்தில் ஓட்டை தேடியதாக நீதிமன்றத்தில் நின்றவர்களில் ஒருவனுக்கு வயது 17தான். நண்பர்களிடம் பெருமையடிக்கவே அப்படிச் செய்தானாம்!

பூட்டாத வீடு என்பதற்காக உள்ளே நுழையலாமா, குழந்தைகளே? அடுத்தவர் கணினிக்குள் அனுமதியின்றிப் புகுவது நம் நாட்டிலும் குற்றம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, தீய எண்ணத்தோடு அப்படிச் செய்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். உங்களுக்கு ஓர் ஓட்டை தெரிந்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

நாளை உங்களில் பலர் மென்பொருள் எழுதப் போகிறீர்கள். அப்போது கோடிட்ட இடம் ஒன்றை அமைத்தால், இந்த நூலக உதவியாளரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் எதை எழுதினாலும், அது சொல்லாகவே இருக்கட்டும். கட்டளையாக மாற விடாதீர்கள்!