பழி சொல்லும் முன் தடயம் பார்ப்போம்

குற்றம் நடந்த இடத்தைப் பொலிசார் நாடா கட்டி மறைத்துவிடுவார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடமாட்டோம். ஆனால் தாய், தந்தை, பிள்ளைகள் என்று குடும்பமாக உள்ளே சென்று ஆராயுங்கள் என அழைத்த கண்காட்சி ஒன்று 2007 மே மாதம் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள விஞ்ஞான, கைத்தொழில் நூதனசாலையில் ஆரம்பமானது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'சீ.எஸ்.ஐ.' என்ற தொலைக்காட்சித் தொடரை அடிப்படையாகக் கொண்டு, டெக்சாஸ் மாநிலத்தின் போட் வேர்த் விஞ்ஞான, வரலாற்று நூதனசாலை இதனை உருவாக்கியிருந்தது. பின்னர் வேறு நகரங்களுக்கும் இது சென்றது.

உள்ளே என்ன இருந்தது? உண்மை போலவே அமைக்கப்பட்ட மூன்று காட்சிகள். ஒன்றில் வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டு கார் ஒன்று உள்ளே நிற்கிறது. இன்னொன்றில் விடுதியொன்றின் பின்புறத்தில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். மூன்றாவதில் பாலைவன மணலில் எலும்புகள் தெரிகின்றன. எல்லாம் பொம்மையும் மாதிரியும்தான். வருபவர் இவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து ஆய்வுகூடம். அங்கே கைவிரல் அடையாளங்களை ஒப்பிடலாம், டீ.என்.ஏ. பரிசோதனை எவ்வாறு நடக்கிறது என்று அறியலாம்; நஞ்சு, துப்பாக்கி ரவை, சப்பாத்துத் தடம் ஆகியவை என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். கடைசியில் தமது முடிவையும் அதற்கான ஆதாரத்தையும் சொல்ல வேண்டும்.

அதில்தான் இக்கண்காட்சியின் பயன் இருக்கிறது. "இவன்தான் செய்திருப்பான்" என்று ஊகிப்பது எளிது. "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

தையற்காரியின் பொறுமை

சிக்காகோவுக்கும் தடயவியலுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1878இல் அங்குதான் பிறந்தார். செல்வக் குடும்பம். தமையன் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் படித்தார். இவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. தமையனின் நண்பரான சட்ட வைத்தியர் ஜோர்ஜ் மக்ராத் சொன்ன அனுபவங்களே இவருக்குப் பாடமாயின. அதே ஹாவாட்டில் 1931இல் சட்ட வைத்தியத்துறை அமைவதற்கு இவரே பணம் கொடுத்தார். 1943இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பொலிசில் கப்டன் பதவியும் பெற்றார்.

பொலிசார் தடயங்களைக் கவனியாமல் விடுவதைக் கண்ட லீ, மரணம் நிகழ்ந்த அறைகளைப் பொம்மை வீடுகளாகச் செய்தார். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்பது அளவு. பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளைக் கொண்டே பின்னினார். அறையின் எந்த மூலையிலும் விடை ஒளிந்திருக்கலாம். பெண்கள் வீட்டில் பழகிய நுண்ணிய கைவேலை, பொலிசாருக்குப் பாடநூலாயிற்று. அவற்றில் 18 இன்னும் மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரிலுள்ள சட்ட வைத்திய அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 2017 ஒக்டோபரிலிருந்து 2018 ஜனவரி வரை வொஷிங்டனின் ரென்விக் கலைக்கூடத்தில் அவை பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன.

ஒரு தடயம் தப்பினால்...

1892இல் ஆர்ஜென்டீனாவில் பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்பவளின் இரு குழந்தைகள் கொல்லப்பட்டனர். அவள் அயலவன் ஒருவனைக் காட்டினாள். அவனை எவ்வளவோ வதைத்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் கதவில் இரத்தம் படிந்த பெருவிரல் அடையாளம் ஒன்று அகப்பட்டது. அது தாயினுடையது! அவளும் உண்மையை ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு அடையாளம் இல்லாதிருந்தால் குற்றமற்ற ஒருவனின் கதி என்னவாகியிருக்கும்?

அதற்காக விஞ்ஞானம் ஒருபோதும் தவறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது. 2004இல் ஸ்பெயினின் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பை அடுத்துக் கிடைத்த விரலடையாளத்தை, அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவருடையது என்று எப்.பி.ஐ. நிபுணர்கள் தீர்மானித்தனர். அவர் சுமார் இரண்டு வாரம் தடுத்து வைக்கப்பட்டார். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் பொலிசார் கண்டறிந்தபின் எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. தடயம் பொய் சொல்லாது. அதைப் பார்க்கும் கண் தவறலாம். ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது அதனால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்க

இதற்குச் சிக்காகோவுக்குப் போகவேண்டியதில்லை. கடதாசியில் பென்சிலால் அழுத்திக் கிறுக்குங்கள். அந்தக் கரியில் விரலைத் தேய்த்து, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை விரலில் ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். வில்போல் வளைந்து செல்லும் கோடுகள், கண்ணிபோல் போன பக்கமே திரும்பும் கோடுகள், சுழியாகச் சுற்றும் கோடுகள் என மூன்று வகை தெரியும். வீட்டிலுள்ள எல்லோரின் அடையாளங்களையும் பெயரிட்டு வையுங்கள். ஒரே சாயலுள்ள இரட்டைப் பிள்ளைகளுக்கும் இவை வேறுபடும்.

அடுத்து, துடைத்த கண்ணாடிக் குவளையை யாராவது ஒருவர் இரகசியமாகப் பிடித்து வைக்கட்டும். மெல்லிய தூரிகையால் கொக்கோத் தூளை அதில் மெதுவாகத் தடவினால் அடையாளம் தெரியும். யாருடையது என்று பிள்ளைகள் லென்ஸ் வைத்து ஒப்பிடட்டும். சரியாகத் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்வதும் நல்ல விடையே என்று சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் சங்கிலியொன்று காணாமற் போனால், தேடிப் பார்க்கும் முன்பே வேலைக்கு வரும் பெண்ணின் பெயர் எழுகிறது. காசு குறைந்தால், குழப்படிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளைக்கு அடி விழுகிறது. பொருள் பிறகு கட்டிலுக்கடியில் அகப்படலாம். ஆனால் சொன்ன சொல்லை மீளப் பெற முடியாது. குவளையில் விரலடையாளம் தேடிய பிள்ளை, அப்படியொரு நாளில் "அம்மா, கண்டீர்களா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நாமும் நேர்மையாகப் பதில் சொல்லப் பழகுவோம்.