முகத்துவாரத்தில் ஜாக்கெட், வீட்டில் காகிதம்

முகத்துவாரத்தில் கவிழ்ந்த ஒரு ஃபைபர் படகைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். ஐஸ் பெட்டிக்கு அடியில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள், உறைகூடப் பிரிக்காமல்.

பழவேற்காட்டில் ஏரி கடலோடு கூடும் வாய் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மணல்திட்டு நகரும், போன மாதம் ஓடிய வழியில் இன்று முழங்கால் ஆழம். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளமும் சேர்ந்து கடலுக்கு வடியும்போது, எதிரே வரும் அலை அதில் முட்டிச் செங்குத்தாக எழுந்து திட்டின்மேல் உடைகிறது. ஆகவே ஏற்றம் முடியும் நேரம் பார்த்துக் கடந்து செல்லுங்கள். வெளியே நின்று நாலைந்து அலைக்கூட்டம் போகட்டும், இடைவெளி பிடிபடும். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகிலேயே வாருங்கள். அதை முந்தினால் அணியம் குத்திக்கொள்ளும், பின்னலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். பாய் விரித்து வருபவருக்கு இன்னும் சிக்கல்: காற்று அறுந்தால் சுக்கான் பேச்சுக் கேட்காது.

ஜாக்கெட்டைத் திட்டுக்கு முன்பே போடுங்கள். கவிழ்ந்த பிறகு தேடிப் போட முடியாது. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மீன்பிடிப் படகில் ஆள் ஏற்றுகிறோம், அதுவும் ஜாக்கெட் இல்லாமல்.

ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் படகின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். நனைந்த செல்போனில் தேட முடியாது.

இனி காகிதம். மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன. ஆனாலும் ஆதாரில் 'கே', உறுப்பினர் அட்டையில் 'க' என்ற இனிஷியல் வேறுபாட்டுக்காக ஒரு பெண் மாதக்கணக்கில் ஓர் அலுவலக வாசலில் நின்றதைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயரை இன்றே ஒன்றாக்குங்கள். படகுப் பதிவுச் சான்று, உறுப்பினர் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும், படகில் வேண்டாம்.

விபத்து நடந்தால் அன்றே காவல்நிலையத்தில் புகார் கொடுங்கள், மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இறப்பு நேர்ந்திருந்தால் காப்பீட்டுக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று மூன்றையும் கேட்பார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தருவது போலீஸின் கடமை. பதிய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி ரசீதை வையுங்கள். முதல் தகவல் அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன் படகின் பதிவு எண் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.