கணினிக்குள் கணினி

ஒரு கணினிக்குள்ளே மற்றொரு கணினியை அமைத்து இயக்குதல் இக்காலத்து மாணவர்க்குப் புதுமையன்று. விண்டோஸ் முறையில் இயங்கும் கணினியை உடையார் ஒருவர் லினக்ஸ் முறையைப் பயில விரும்பின், அதன்பொருட்டு வேறொரு கணினி வாங்க வேண்டுவதில்லை. விர்ச்சுவல் பாக்ஸ் என்னும் மென்பொருளின் துணையால், தம் கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆங்கே லினக்ஸைக் குடியேற்றலாம். இங்ஙனம் அமைவதே மெய்நிகர் கணினி. இடங்கொடுப்பதை ஹோஸ்ட் என்றும், இடம்பெறுவதைக் கெஸ்ட் என்றும் ஆங்கிலத்தார் வழங்குவர். நாம் முன்னதை இல்லக் கணினி என்றும், பின்னதை விருந்துக் கணினி என்றும் கூறுவோம்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. ஒரு பெருங்கணினியைப் பலர்க்கும் தனித்தனிக் கணினி போலத் தோன்றுமாறு பகுத்தளிக்கும் வழியை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே கண்டு, 1972-இல் வி.எம். 370 என்னும் பெயரால் வெளியிட்டனர். விர்ச்சுவல் பாக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2010 முதல் ஆரக்கிள் நிறுவனத்தாருக்கு உரியதாயிற்று.

இதனைக் கையாளுவோர்க்கு அடிக்கடி நேரும் இடர் ஒன்றுண்டு. இல்லக் கணினியிற் படியெடுத்த ஒரு பத்தியை விருந்துக் கணினியில் ஒட்ட முயன்றால் அது வருவதில்லை. ஆங்கே எழுதிய கோப்பு இங்கே தோன்றுவதில்லை. இதனைப் பெரும் பழுதெனக் கருதி விருந்துக் கணினியையே அழித்து, மீண்டும் முதலிலிருந்து நிறுவுவாரும் உளர். அதனோடு பன்னாள் உழைத்தெழுதிய கட்டுரைகளும் நிரல்களும் ஒருங்கே மறைந்தொழிகின்றன. காரணத்தை அறிந்தோர்க்கு இவ்விழப்பு நேராது.

காரணம் யாது? இரண்டிற்கும் இடையே நிற்கும் மதில், குறையால் நேர்ந்ததன்று; வேண்டுமென்றே எழுப்பப்பட்டது. தனக்குப் புறம்பே மற்றொரு கணினி உண்டென்பதையே விருந்துக் கணினி அறியாது. படியெடுத்தவற்றைத் தாங்கும் கிளிப்போர்டு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே உளது. ஆகவே, ஒன்றிலுள்ளதை மற்றொன்றிற் சேர்க்க ஒரு தூதுவன் வேண்டும். அத்தூதுவனே கெஸ்ட் அடிஷன்ஸ் எனப்படும் துணைமென்பொருள். இல்லக் கணினியின் இசைவு, தூதுவனின் நலம், பயனரின் உரிமை ஆகிய மூன்றையும் இவ்வரிசையிலேயே ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, இசைவு. விருந்துக் கணினியின் அமைப்புகளில் ஜெனரல் என்னும் பகுதியிற் கிளிப்போர்டுப் பகிர்வு தொடக்கத்தில் மூடப்பட்டேயிருக்கும். உள்நோக்கி மட்டும், வெளிநோக்கி மட்டும், இருபுறமும் என்னும் மூவகையில் அதனைத் திறக்கலாம்.

இரண்டாவது, தூதுவனின் நலம். டிவைசஸ் பட்டியலின் வழியே கெஸ்ட் அடிஷன்ஸ் வட்டினைச் செருகி, விருந்துக் கணினிக்குள் அதனை நிறுவி, மறுதொடக்கம் செய்தல் வேண்டும். லினக்ஸாயின், ஜிசிசி, மேக் என்னும் கருவிகளும், கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகளும் முன்னரே இருத்தல் இன்றியமையாதது. அவையின்றேல் நிறுவுதல் முற்றுப்பெறாது. நேற்றுவரை இயங்கியது இன்று நின்றுவிடின், கெர்னல் புதுப்பிக்கப்பட்டதா, விர்ச்சுவல் பாக்ஸ் மட்டும் புதிய பதிப்பிற்கு மாறியதா என நோக்குக. இரண்டிடத்தும் பதிப்பு ஒன்றாயிருத்தலே நன்று. லினக்ஸின் வேலண்டு என்னும் திரைமுறையிற் கிளிப்போர்டு இயங்காதாயின், நுழைவுத் திரையில் எக்ஸ் ஆர்க் முறையைத் தெரிந்து உட்புகுந்து பார்க்கலாம். வேலண்டுக்கான ஆதரவு 2024-இல் வந்த 7.1 பதிப்பிலேயே சேர்ந்தது.

மூன்றாவது, உரிமை. கோப்புகளுக்குப் பகிர்கோப்புறையே உறுதியான வழி. அது லினக்ஸில் மீடியா என்னும் கோப்புறையின்கீழ், பெயர்க்கு முன் எஸ்.எஃப். என்னும் குறியுடன் தோன்றும். கண்ணுக்குத் தெரிந்தும் திறவாதாயின், பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்னும் குழுவிற் சேர்த்து, வெளியேறி மீண்டும் உட்புகச் செய்க. சேர்த்தபின் வெளியேறாதிருப்போர் பயன் காணார்.

இவை யாவும் பயனளியாவிடினும் அழித்தலைக் கருதவேண்டா. விருந்துக் கணினிக்கு இணையவழி பெரும்பாலும் திறந்தேயிருக்கும். ஆதலின், கோப்பினை மின்னஞ்சலாகத் தமக்கே அனுப்பிக்கொள்ளலாம். எழுதியதை முதலில் வெளியே கொணர்க. பழுதினைப் பின்னர் ஆராய்க.

இறுதியாக ஒன்று கூறுவோம். மதிலில் வாயில் திறந்தவழி, வேண்டாதனவும் அவ்வழியே புகக்கூடும். கிளிப்போர்டு உள்நோக்கித் திறந்திருக்குங்கால், இல்லக் கணினியிற் படியெடுத்த கடவுச்சொல்லை விருந்துக் கணினியிலுள்ள நிரலும் படித்தல் கூடும். எழுதும் உரிமையுடன் பகிர்ந்த கோப்புறையை ஆங்குப் புகுந்த தீநிரல் அழித்துவிடவும் கூடும். ஆகையால், தம் கோப்புகள் அனைத்தும் அடங்கிய கோப்புறையைப் பகிராது, இதற்கெனச் சிறு கோப்புறையொன்றை அமைத்தலும், படித்தல் மட்டுமே போதுமெனின் அவ்வளவே அளித்தலும், நம்பத்தகாத மென்பொருளை ஆராயுங்கால் எல்லா வாயில்களையும் அடைத்தலும் மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறிகளாம்.