இவான் வந்தால் போதுமா?

2021 செப்டம்பரில் டிஎச்க்யூ நார்டிக் நிறுவனம் தன் பத்தாண்டு நிறைவு நிகழ்ச்சியில் 'ஜாக்ட் அலையன்ஸ் 3' என்ற கணினி ஆட்டம் வரப்போவதாக அறிவித்தது. இரண்டாம் பாகம் வெளிவந்தது 1999இல். இத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தவர்கள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பழைய ரசிகர்களில் பலர் டிரெய்லரைப் பார்த்துவிட்டுக் கேள்விகளை அடுக்கத் தொடங்கினார்கள். செயல் புள்ளி உண்டா? சுடும் தோட்டா எங்கே போகிறது என்று கணக்கு உண்டா? இவான் டோல்விச்சை மறுபடி கொண்டுவந்துவிட்டால் மட்டும் போதுமா?

இவான் ஒரு கூலிப்படை வீரர். 1995இல் கனடாவின் இயன் கரி குழுவினர் உருவாக்கிய முதல் ஆட்டத்தில் அவர் ரஷ்ய மொழியிலேயே பேசுவார். புரிந்துகொள்வது ஆடுபவர் பாடு. இந்தத் தொடரின் ருசியே இப்படிப்பட்ட ஆட்களில்தான் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அருல்கோ என்னும் கற்பனை நாட்டை டெய்ட்ரானா என்ற ராணி ஆட்டிப்படைக்கிறாள். அவளைக் கவிழ்க்கும் வேலை ஆடுபவரிடம் வருகிறது. அவர் மடிக்கணினியைத் திறந்து, கூலிப்படைச் சங்கத்தின் பட்டியலைப் புரட்டி, ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ சம்பளம் பேசி ஆளெடுக்க வேண்டும். 'அந்த ஆள் உங்கள் குழுவில் இருந்தால் நான் வரமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே மறுக்கிறவர்களும் உண்டு. நாட்டின் வரைபடம் பதினாறுக்குப் பதினாறு கட்டம், மொத்தம் 256. சுரங்கத்தைப் பிடித்தால் வருமானம். பிடித்த ஊரைக் காக்க உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

சண்டை மூண்டதும் நேரம் நின்றுவிடும். இனி முறை வைத்துத்தான் ஆட்டம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு முறைக்கு இத்தனை என்று செயல் புள்ளிகள் தரப்படும். இரண்டாம் பாகத்தில் உச்சம் 25. நடந்தால் புள்ளி குறையும், குனிந்தால் குறையும், துப்பாக்கியைத் தூக்கினாலும் குறையும். எதிரிமேல் குறியை வைத்துச் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு புள்ளி கூடுதலாகச் செலவாகிக் குறி இன்னும் சரியாகும். நான்கு அழுத்தம் அழுத்திக் கச்சிதமாக ஒரு முறை சுடுவதா, குறி பார்க்காமல் இரண்டு முறை சுடுவதா? இரண்டையும் விட்டு, புள்ளியைச் செலவழிக்காமல் சுவரோரம் பதுங்கியும் இருக்கலாம். மிச்சம் வைத்த புள்ளி வீணாகாது. எதிரி தன் முறையில் கண்ணில் பட்டால், அவன் நகர்வை நடுவில் வெட்டிச் சுடும் வாய்ப்பு அதனால் கிடைக்கும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பழைய ஆட்டக்காரர்கள் உயிராக நினைப்பது இதைத்தான்.

தோட்டாவுக்கும் இரண்டாம் பாகத்தில் தனிக் கணக்கு உண்டு. குறி தவறிய தோட்டா அந்தரத்தில் மறைந்துவிடாது. பறந்துபோய்ப் பின்னால் நிற்பவர்மேல் பாயும், சில வேளை கூட்டாளி மேலேயே.

அடுத்தது பகடை. குறி பலிக்குமா என்பதை முடிவு செய்வது கணினி உருட்டும் ஒரு சமவாய்ப்பு எண். வாய்ப்பு 90 சதவீதம் என்று திரை காட்டினால், மனித மனம் அதை 'நிச்சயம்' என்றே படித்துக்கொள்கிறது. ஆனால் அப்படிப் பத்து முறை சுட்டால் பத்தும் பலிக்கும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம்தான். அதாவது ஒரு தடவையாவது தவற 65 சதவீத வாய்ப்பு. கணக்கு சரியாகவே இருக்கும். ஆடுபவருக்கோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே தோன்றும். தாயக்கட்டை உருட்டி வேண்டிய எண் விழாதபோது கட்டையைத் திட்டுகிற அதே மனநிலை.

இதைச் சமாளிக்க ஆட்டம் செய்கிறவர்கள் சத்தமில்லாமல் கை வைப்பதுண்டு. ஜப்பானின் 'ஃபயர் எம்பிளம்' தொடரில் 2002ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து ஒரே எண்ணை உருட்டாமல் இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுக்கத் தொடங்கினார்கள். திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் சுமார் 98. 10 என்று காட்டினால் உண்மையில் சுமார் 2. 2012இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்', எளிய நிலைகளில் ஆடுபவருக்கு மறைமுகமாகக் கூடுதல் வாய்ப்பு தந்தது. பொய் சொன்னால்தான் நேர்மையாகத் தெரியும் என்ற விசித்திரமான நிலை. ஜாக்ட் அலையன்ஸின் பழைய பாகங்கள் வேறு வழியில் போயின: சதவீதத்தைக் காட்டவே இல்லை.

இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தில் ஒரு பல்சக்கரத்தைக் கழற்றினாலும் கைதேர்ந்தவருக்குத் தெரிந்துவிடும். ரசிகர்களின் சந்தேகத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. சூடுபட்ட அனுபவமும் சேர்ந்துகொண்டது. 2012இல் வந்த 'பேக் இன் ஆக்‌ஷன்' இரண்டாம் பாகத்தின் மறு ஆக்கம் என்றுதான் விற்கப்பட்டது. ஆனால் முறை வைத்து ஆடுவதை எடுத்துவிட்டு, நிறுத்தித் திட்டமிட்டு ஓடவிடும் முறையைப் புகுத்தியிருந்தார்கள். எதிரிகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பதுங்குவதற்கு அர்த்தமில்லாமல் போனது. 2013இல் டென்மார்க்கின் ஃபுல் கன்ட்ரோல் நிறுவனம் இந்தத் தொடரில் இன்னொரு ஆட்டம் செய்ய, கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 3,50,000 டாலர் கேட்டது. ரசிகர்கள் அதற்கு மேலேயே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 'ஃப்ளாஷ்பேக்' அவர்கள் மனத்தில் இருந்த ஆட்டமாக இல்லை. 2018இன் 'ரேஜ்' ஓசையின்றிக் கடந்துபோனது.

புதிய ஆட்டத்துக்கு இன்னொரு போட்டியாளரும் இருந்தார்: பழைய ஆட்டமே. இரண்டாம் பாகத்தின் மூலநிரல் கைக்கு வந்ததும் ரசிகர்களே அதைத் திருத்தத் தொடங்கினார்கள். '1.13' என்ற அந்த மாட் (ரசிகர்கள் செய்த திருத்தப் பதிப்பு) நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளையும் புதிய விதிகளையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. இலவசமாக, இன்னும் ஓடுகிற ஒன்றை வைத்திருப்பவர், புதியதற்குக் காசு கொடுக்கும் முன் பத்துக் கேள்வி கேட்பதில் வியப்பென்ன?

மூன்றாம் பாகத்தைச் செய்ய வந்ததோ பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் ஹேமிமோன்ட் கேம்ஸ். 'டிராபிகோ', 'சர்வைவிங் மார்ஸ்' என்று நகரமும் குடியிருப்பும் கட்டும் ஆட்டங்களில் பேர் வாங்கியவர்கள். 2013இல் அவர்கள் செய்த 'ஓமெர்டா'வில் முறை வைத்த சண்டை உண்டு. அதற்குக் கலவையான வரவேற்புதான்.

2023 ஜூலை 14 அன்று ஆட்டம் வெளியானது. கிராண்ட் ஷியன் என்ற கற்பனை ஆப்பிரிக்க நாடு, காணாமல் போன குடியரசுத் தலைவர், வருமானத்துக்கு வைரச் சுரங்கங்கள். செயல் புள்ளிகள் இருந்தன, கட்டம் போட்ட வரைபடம் இருந்தது, ஒருவரையொருவர் சகிக்காத கூலிப்படையினரும் இருந்தார்கள். இவானும் வந்திருந்தார். சந்தேகப்பட்டவர்களில் பலர் சமாதானமானார்கள். எல்லோரும் அல்ல: மிச்சப் புள்ளியில் பிறக்கும் பழைய இன்டரப்ட் போய், முன்கூட்டியே ஒரு பகுதியைக் குறிவைத்துக் காத்திருக்கும் ஓவர்வாட்ச் முறை வந்திருந்தது. அந்த மனக்குறை சிலருக்கு இன்னும் ஆறவில்லை.

வேடிக்கை சதவீதத்தில்தான் நடந்தது. பழைய பாகங்களைப் போலவே புதியதிலும் வாய்ப்பை எண்ணால் காட்டவில்லை. எவையெல்லாம் குறிக்குச் சாதகம், எவை பாதகம் என்று மட்டும் காட்டினார்கள். எக்ஸ்காமில் பழகிய இளையவர்களுக்கு அது பிடிபடவில்லை. சதவீதத்தைத் திரையில் காட்டுவதற்கென்றே ஆடுபவர்கள் மாட் எழுதினார்கள். அதை நிறுவுவதா கூடாதா என்பதில் பழையவர்களும் புதியவர்களும் முறை வைக்காமலே மோதிக்கொண்டார்கள்.