பாலைக்காற்றில் நிலைக்கும் கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) மதீனா மாநகரை முற்றுகையிட்ட பகைப்படையின் தொகை பதினாயிரம் என்று வரலாற்றாசிரியர்கள் உரைப்பர். அகழ் வெட்டித் தற்காத்துக்கொண்ட முஸ்லிம்களை அப்பெரும்படையால் வெல்ல இயலவில்லை. நாட்கள் பல கடந்தபின், ஓர் இரவில் கடுங்குளிரோடு புயற்காற்று வீசிற்று. அடுப்புகள் அணைந்தன, சமையற் பாத்திரங்கள் கவிழ்ந்து உருண்டன, கூடாரங்கள் பெயர்ந்து வீழ்ந்தன. விடிவதற்குள் முற்றுகை கலைந்தது. அன்று வீசிய காற்றை இறையுதவியெனத் திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் நினைவூட்டுகின்றது.

முற்றுகையிட்டோர் பாலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கூடாரம் அமைக்கும் கலையில் பழுத்தவர்கள். அவர்களுடைய கூடாரங்களையே காற்று பெயர்த்தெறிந்தது எனில், புழுதியும் காற்றும் நிறைந்த அந்நிலத்தில் தங்கச் செல்லும் பிறர் எத்துணை எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்! பிழைப்பை நாடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றுள்ள நம்மவர்கள் பலரும் இன்று குளிர்கால விடுமுறைகளில் பாலையில் கூடாரமடித்துத் தங்குகின்றனர். ஆதலின் இதுபற்றிச் சிறிது ஆராய்வது பயனுடையதாகும்.

காற்றின் வகைகள்

அரபிகள் தம் நிலத்துக் காற்றுகளுக்குத் தனித்தனியே பெயரிட்டுள்ளனர். இராக்கிலும் வளைகுடாக் கரையிலும் வடமேற்கிலிருந்து வீசுவது 'ஷமால்'. கோடையின் தொடக்கத்தில் அது பல நாட்கள் இடைவிடாது புழுதியைச் சுமந்து வரும். எகிப்தில் இளவேனிற் பருவத்தில் தெற்கிலிருந்து அனலாய் வீசுவது 'கம்ஸீன்'. ஐம்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்த பெயர் அது. சூடானில் இடிமழை மேகங்களின் முன்னே புழுதிச் சுவராக எழுந்து வருவது 'ஹபூப்'.

இவற்றின் வலிமையை எடைபோடுவதில் மக்கள் ஏமாந்துபோவதுண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால், கூடாரத்தின்மீது அது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும்; வேகம் மும்மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்காகும். மாலைத் தென்றலில் அசையாது நின்ற கூடாரம் நள்ளிரவில் கிழிந்து பறப்பதன் காரணம் இதுவே.

கருங்கூடாரத்தின் அமைப்பு

பாலைவன நாடோடிகளான பதூவிகள், 'பைத்துஷ் ஷஅர்' எனப்படும் உரோம வீட்டில் வாழ்ந்து வந்தனர். வெள்ளாட்டின் கருநிற உரோமத்தை நூற்று, தரையில் பரப்பிய தறியில் நீண்ட பட்டைகளாக நெய்வது பெண்களின் பணி. அப்பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தால் கூரை உருவாகும். மழை பட்டதும் உரோம நூல்கள் பருத்து நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். உலர்ந்ததும் கண்கள் திறந்து உள்வெப்பத்தை வெளியேற்றும். தோலாலும் உரோமத்தாலும் ஆன இத்தகைய உறைவிடங்களின் இலகுத் தன்மையை இறைவனின் கொடைகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் குறிப்பிடுகின்றது.

அதன் வடிவம் கூர்ந்து நோக்கத்தக்கது. கூரை தாழ்ந்தும் அகன்றும் இருக்கும். ஓரங்கள் தரையை நோக்கிச் சரிந்திருக்கும். கயிறுகள் கூடாரத்தைவிட்டு வெகுதூரம் நீண்டு சென்று முளைகளில் இணையும். காற்று அதன்மீது மோதி நிற்காமல் மேலேறி வழுக்கிச் செல்லும். பின்சுவர் காற்று வரும் திசையிலும், வாயில் அதற்கு எதிர்த்திசையிலும் அமையும். காற்று திசை மாறினால் கூடாரத்தைப் பெயர்க்க வேண்டுவதில்லை. தொங்கவிட்ட சுவர்த்துணியைக் கழற்றி மறுபக்கம் கட்டினால் போதும், பின்புறம் வாயிலாகிவிடும்.

இக்கூடாரம் அரபு மொழிக்குள்ளும் குடியேறியது. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தார். அவ்விலக்கணத்தில் செய்யுளடியின் பெயர் 'பைத்'. வீடு, கூடாரம் என்பது அதன் நேர்ப்பொருள். அசைகளுக்கோ 'ஸபப்', 'வதத்' என்று பெயர். முன்னது கயிறு, பின்னது முளை. மதரஸாக்களில் யாப்புப் பயிலும் மாணவன் இப்பெயர்களை இன்றும் ஓதுகின்றான். கயிறும் முளையுமின்றிக் கூடாரம் நில்லாது என்ற அனுபவம் அச்சொற்களில் உறைந்து கிடக்கின்றது.

இடமும் முளையும்

கூடாரத்தை வாங்குமுன் சிலவற்றை நோக்க வேண்டும். உயர்ந்து நிற்கும் அறை போன்றதைவிட, கம்பங்கள் குறுக்கும் நெடுக்கும் வளைந்து தாங்கும் தாழ்ந்த வடிவமே காற்றுக்கு ஏற்றது. கொசுவலைச் சுவர் உடையது காட்டுக்கு நன்று; பாலையில் நுண்புழுதி அவ்வலை வழியே மாவுபோல் உள்ளே இறங்கும். ஆதலின் வலைக்குமேல் துணியால் மூடிக்கொள்ளும் வசதி வேண்டும். வெளித்துணி தரைவரை இறங்கி, அதன் விளிம்பில் மணலையோ கல்லையோ பாரமாக வைக்க இடமிருத்தல் நலம். ஜிப்புகளில் எண்ணெய் தடவலாகாது; எண்ணெயில் புழுதி ஒட்டிப் பற்கள் இறுகிவிடும். உலர்ந்த தூரிகையால் துடைப்பதே முறை. நைலான் துணி கடும் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், பழைய கூடாரத்தை விரித்துச் சோதித்த பின்னரே கொண்டுசெல்ல வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்வது அடுத்த கடமை. மணல்மேட்டின் உச்சி காற்றுக்கு இலக்காகும். மறுசரிவின் அடிவாரத்திலோ உச்சியிலிருந்து பறக்கும் மணல் வந்து குவியும். பாறையின் மறைவில் உள்ள கெட்டியான சரளைத் தரையே சிறந்தது. வறண்ட ஓடையான வாதியின் படுகை, காற்றுக்கு மறைவாகவும் சமதளமாகவும் தோன்றி நம்மை அழைக்கும். ஆயினும் தொலைவில் பெய்த மழை அங்கே நொடியில் வெள்ளமாகப் பாயும். 2009 நவம்பர் 25 அன்று, ஹஜ் கடமைகள் தொடங்கிய அதே நாளில், ஜித்தாவில் பெருகிய வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலையிலும் நீர் உயிர் குடிக்கும் என்பதை மறத்தலாகாது.

மலைகளை முளைகளுக்கு உவமை கூறுகின்றது திருக்குர்ஆனின் 78ஆம் அத்தியாயம். கூடாரவாசியின் வாழ்வில் முளைக்கிருந்த இடத்தை இவ்வுவமையால் உணரலாம். மெல்லிய மணலிலோ கூடாரத்தோடு வரும் சிறு முளை சில இழுப்புகளிலேயே பிடுங்கிக்கொள்ளும். அங்கே, மணல் நிரப்பிய பையையோ கட்டையையோ கயிற்றின் நுனியில் கட்டி, ஆழக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மிதித்து இறுக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தை முதலில் கட்டிய பின்னரே கம்பங்களை உயர்த்த வேண்டும். கூடாரம் தாங்காது என்று தோன்றினால், உள்ளிருப்போரை வாகனத்திற்குள் அனுப்பிவிட்டுக் கம்பங்களைச் சாய்த்துத் துணியின்மீது பாரம் ஏற்றிவிடுவதே அறிவுடைமை.

நெருப்பும் நச்சுப்புகையும்

புழுதிக்கு அஞ்சி எல்லாத் திறப்புகளையும் அடைத்துக்கொண்டு, குளிருக்காக உள்ளே கரியடுப்பை மூட்டுவோர் உண்டு. இது உயிருக்கு உலை வைக்கும் செயல். எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை விழிக்க விடாமலே அது கொன்றுவிடும். புழுதி எத்துணை வரினும், காற்றுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு திறப்பு இருந்தே ஆகவேண்டும். அடுப்பு வெளியே இருந்தே ஆகவேண்டும்.

நெருப்பும் காற்றும் கூடினால் நேர்வது என்ன என்பதை மினா கண்டது. 1997 ஏப்ரல் 15, துல்ஹஜ் பிறை எட்டு. சமையல் எரிவாயுவால் மூண்டதாகக் கூறப்படும் தீயைப் பலத்த காற்று கூடாரத்துக்குக் கூடாரம் எடுத்துச் சென்றது. சுமார் 70,000 கூடாரங்கள் சாம்பலாயின. 343 ஹாஜிகள் உயிர் நீத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதன்பின் பருத்தித் துணிக்கு அங்கே இடமில்லாது போயிற்று. டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியால் நிலையான கூடாரங்கள் எழுப்பப்பட்டன. நீர் தெளிக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டன. கூடாரங்களில் எரிவாயு அடுப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. இன்று மினாப் பள்ளத்தாக்கில் ஒரு லட்சம் அளவில் இத்தகைய வெண்கூடாரங்கள் நிற்கின்றன.

இதே வகைத் துணியை ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம் முன்னமே கண்டிருந்தது. 1981இல் திறக்கப்பட்ட அம்முனையத்தின் கூரை 210 கூடாரங்களால் ஆனது. பக்கங்கள் திறந்திருக்க, வெப்பக்காற்று உச்சியிலுள்ள துளை வழியே மேலேறிப் போகும். அதன் கட்டமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் டாக்காவில் பிறந்த பொறியியல் மேதை ஃபஸ்லுர் ரஹ்மான் கான். நிழலைக் கொடுத்துக் காற்றுக்கு வழிவிடும் பதூவிக் கூடாரத்தின் நுட்பமே அங்கும் பயன்படுகின்றது.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கட்டுமா என வினவிய ஒருவரிடம், முதலில் அதனைக் கட்டுமாறும், அதன்பின் நம்பிக்கை வைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது நாமெல்லாம் கேட்ட செய்தி. கூடாரத்தின் கயிற்றுக்கும் அதே நெறிதான். முளையை ஆழப் புதைத்து, அடுப்பை வெளியே வைத்து, ஒரு திறப்பை விட்டுவைத்த பின்னர், 'பிஸ்மில்லாஹ்' கூறி நிம்மதியாகக் கண்ணுறங்கலாம்.